ஒற்றைக்காதுக் கல்

இரும்புப் பாத்திரம் விற்பவளிடம் எல்லாரும் முதலில் கேட்பது, "துரு பிடிக்குமா?" என்றுதான். பிடிக்கும் என்று சொல்வேன். சொன்னதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். மீதிப் பேரை வைத்துத்தான் என் பிழைப்பு.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. கட்டிலுக்கடியில் பணியாரச் சட்டி, ஜன்னலுக்குக் கீழே வாணலி, கதவுக்குப் பின்னால் தோசைக்கல் அடுக்கு. வீட்டுக்காரர் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டுகிறார். ஷிப்டு முடிந்து வந்தால் ரெண்டு வாணலியைத் தாண்டித்தான் கட்டிலில் ஏற வேண்டும். "பழைய இரும்புக் கடையில குடியிருக்கேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஆரம்பத்தில் ஒன்றும் விற்கவில்லை. தெருவில் உள்ளவர்கள் வந்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள், "எம்புட்டுக் கனம்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார்கள். இரும்பைக் கண்ணால் பார்த்து யாருக்கும் ஆசை வராது. அதில் சுட்டதை வாயில் போட்டால்தான் வரும். அதற்காகத்தான் சமையல் வகுப்பு ஆரம்பித்தேன். ஊருக்குச் சமையல் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. எங்கள் ஊரில் எந்தப் பொம்பளைக்குத் தோசை சுடத் தெரியாது?

என் வகுப்புக்கு ஒரு முறை உண்டு. ஒரு நாளைக்கு ஒரு பாத்திரம், ஒரு பலகாரம். சாப்பிட்டு முடிக்கும்வரை விலை பேசக் கூடாது. அதைவிட முக்கியம், முதலில் புதுக்கல்லைத்தான் அடுப்பில் வைப்பேன். எல்லார் கண்ணெதிரிலும் மாவை ஊற்றுவேன். ஒட்டும். கரண்டியால் சுரண்டினால் பிய்ந்து கருப்பாக வரும். அதைத் தட்டில் போட்டுச் சுற்றுக்கு விடுவேன். "வாங்கிட்டுப் போற அன்னைக்கு உங்க வீட்டுல இதுதான் நடக்கும்" என்பேன். பிறகு கல்லைப் பழக்குவது எப்படி என்று சொல்வேன். அரிசி கழுவின தண்ணீரில் ஊறப் போடுவது, துடைத்து நல்லெண்ணெய் தடவி வைப்பது, வெங்காயத்தை வெட்டிப்போட்டுக் கருகும்வரை வதக்குவது, முதல் சில தோசைகளை நாய்க்குப் போடுவது. எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் என் சொந்தக் கல்லை எடுத்து வைப்பேன்.

அது பல வருஷம் என் கையில் பழகின கல். கிரைண்டர் மேல் விழுந்து ஒரு பக்கத்துக் கைப்பிடிக் காது உடைந்துவிட்டது. வகுப்புக்கு வருகிறவர்கள் ஒத்தைக்காதுக் கல் என்பார்கள். அதில் மாவை ஊற்றினால் செத்த நேரத்தில் தோசை தானாக ஓரத்தைத் தூக்கும். கரண்டியை அடியில் கொடுக்கக்கூட வேண்டாம். அதைப் பார்த்த பிறகு ஒருத்தியும் கனத்தைப் பற்றிப் பேச மாட்டாள்.

முதல் தோசையைப் பிய்த்துக் காட்டுவது நான் நல்லவள் என்பதால் இல்லை. திட்டு வாங்கப் பயம். வகுப்புக்கு வாங்குகிற பணம் மாவுக்கும் கேஸுக்கும் சரியாய்ப் போகும். பாத்திரம் விற்றால் கொஞ்சம் கையில் நிற்கும். நிஜ லாபம் அதற்கப்புறம்தான் வரும். வாங்கிப்போனவள் வீட்டில் தோசை நன்றாக வந்தால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள், அடுத்த வகுப்புக்கு அவள் வருவாள். ஒட்டினால் அந்தத் தெருவையே மறந்துவிட வேண்டியதுதான். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. அவளிடமும் சொன்னேன்.

அவள் வில்லிபுத்தூர்க்காரி. பேர் சொல்லப் போவதில்லை. வகுப்புக்கு வந்தவள்தான். வீட்டுக்காரர் வெளிநாட்டில், வீட்டில் பெரிய ஹால். "அக்கா, எதுக்கு எங்க ஊர்ப் பொம்பளைங்க பஸ் ஏறி இங்க வரணும்? நீங்க ஒருத்தர் அங்க வந்தா போதும்ல" என்றாள். சரியாகத்தான் பட்டது. சனிக்கிழமை தோறும் வில்லிபுத்தூரில் வகுப்பு என்று ஆனது. ஹால் அவளுடையது, ஆள் சேர்ப்பது அவள், விற்கிற ஒவ்வொன்றிலும் அவளுக்குப் பங்கு. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. ராஜபாளையத்தைவிட அங்கேதான் நன்றாக ஓடியது. உண்மையைச் சொன்னால், வில்லிபுத்தூர் வகுப்பு வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் இதை ஒரு தொழில் என்று மதித்தார்கள்.

எனக்கு ஒரு முறை காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்கிக் கிடந்தேன். பஸ் ஏறி வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தாள். என் தலையைப் பின்னிவிட்டாள். ராஜபாளையம் வகுப்பையும் எனக்குப் பதிலாக நடத்தினாள், புதுக்கல்லை முதலில் வைத்து, நான் சொன்ன அதே சொல்லைச் சொல்லி. படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவளை என் கூடப்பிறந்தவள் என்றே நினைத்தேன். அந்தக் கஞ்சியை இன்றைக்கும் என்னால் குறை சொல்ல முடியாது. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

மூட்டு வலி போகவில்லை. ஒத்தைக்காதுக் கல்லைக் கட்டைப்பையில் போட்டுப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைவது பாடாக இருந்தது. "இங்கனயே கெடக்கட்டும்க்கா. என் கல்லு மாதிரிப் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

எங்கள் பக்கம் அண்டா கேட்டால் கொடுப்பார்கள், கிரைண்டர் கேட்டால்கூட முணுமுணுத்துக்கொண்டு கொடுப்பார்கள். தோசைக்கல்லை மட்டும் இன்னொரு வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். போன இடத்தில் சப்பாத்தி போட்டுவிடுவார்கள், சோப்பைப் போட்டுத் தேய்த்துவிடுவார்கள், திரும்பி வரும்போது அது வேறு கல்லாக வரும். இது தெரிந்துதான் விட்டுவிட்டு வந்தேன். அவள் சப்பாத்தி போடவில்லை. சோப்பும் போடவில்லை. தன் கல் மாதிரிப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள், அதைத்தான் செய்தாள்.

ஆடி மாதம் போன் வந்தது. "தேரு முடியட்டும்க்கா. எல்லா வீட்டுலயும் விருந்தாளி. ஒருத்தியும் வகுப்புக்கு வர மாட்டா. நானே சொல்லுதேன், பொறவு வாங்க." ஆண்டாள் தேர் சமயத்தில் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு சொந்தக்காரர்கள் வந்து நிறைவார்கள், எனக்குத் தெரியாததா? நம்பினேன். தேர் முடிந்தது. "இன்னும் கூட்டம் போகலக்கா" என்றாள். ஆவணி பிறந்தது. "முகூர்த்தமா வருது, எல்லாரும் கல்யாணத்துக்கு அலையுதாங்க" என்றாள். வாட்ஸப்பில் வில்லிபுத்தூர்ப் பெண்களுக்கென்று நான் ஆரம்பித்த குரூப்பில் தினமும் காலை வணக்கம் வந்துகொண்டிருந்தது. ரோஜாப்பூ, சூரியன், பிள்ளையார். ஒருத்தியும் வகுப்பு எப்போது என்று கேட்கவில்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றாள். முன்பின் பார்த்ததில்லை. கையில் கட்டைப்பை.

"கல்லு விக்கிற அக்கா நீங்கதானா?"

"ஆமா. உள்ள வாம்மா."

"உள்ள வாரதுக்கு வரல." பையிலிருந்து ஒரு தோசைக்கல்லை எடுத்துப் படியில் வைத்தாள். "வன்னியம்பட்டியில இருந்து பஸ்ஸுக்குக் காசு குடுத்து இதத் தூக்கிட்டு வாரேன். எங்க மாமியா, கல்லுல இருந்து தோசையச் சுரண்டி, கொத்துப் பரோட்டான்னு சொல்லித் தின்னாவ. வீடே சிரிச்சுச்சு."

கல்லைத் திருப்பிப் பார்த்தேன். பழகின கல் மாதிரித் தெரியக் கருப்பு மை பூசின கல். விரலால் தேய்த்தால் விரல் கருத்தது. நான் வாங்குகிற இடத்துக் கல் இல்லை.

"இது என் கல்லு இல்லம்மா. யாருகிட்ட வாங்குன?"

"வில்லிபுத்தூர்ல வகுப்புல. ராஜபாளையத்து அக்கா பழக்குன கல்லு, அப்படியே கொண்டுபோய் அடுப்புல வைக்கலாம்னு அவிய சொன்னாவ."

"எந்த வகுப்பு?"

"போன சனிக்கெழம. அதுக்கு முந்தியும் நடந்துச்சாம். அங்க என்னமாத் தோசை வந்துச்சு தெரியுமா? தானாத் தூக்குச்சு. இந்தக் கல்லுதான்னு சொன்னாவ."

"அங்க அடுப்புல இருந்த கல்லு எப்படி இருந்துச்சு?"

யோசித்தாள். "அதுக்கு ஒரு பக்கம் காது இல்ல" என்றாள்.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றியதோ, அவளே உள்ளே போய்த் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து கொடுத்தாள். கல்லை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். பழக்கித் தருகிறேன், பத்து நாள் கழித்து வா என்றேன். என் கல் இல்லைதான். என் பேர் சொல்லி விற்ற கல்.

மறுநாள் சனிக்கிழமை. போன் செய்யாமல் பஞ்சு மார்க்கெட் ஸ்டாப்பில் பஸ் ஏறினேன்.

அவள் வீட்டு வாசலில் செருப்புக் குவிந்து கிடந்தது. பாதிச் செருப்பு எனக்குத் தெரிந்த செருப்பு. வாரா வாரம் அதே வாசலில் பார்த்தவை. ஜாக்கெட் தைக்கிற பெண்ணுடைய ஜரிகை வார்ச் செருப்பு, வார் அறுந்து நானே ஊக்கு மாட்டிக்கொடுத்தது, அதுவும் கிடந்தது. அந்த ஊக்கு இன்னும் இருந்தது. உள்ளே சண்டை போடுவதற்கு முன்னால் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றது அந்தச் செருப்புகளைத்தான்.

உள்ளே போனேன். அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். என் கல். நெஞ்சில் கையை வைத்துச் சொல்கிறேன், ஒரு துளி பதற்றம் அவள் முகத்தில் இல்லை.

"வாங்கக்கா, நூறு ஆயுசு. இப்பத்தான் உங்களப் பத்திச் சொல்லிட்டிருந்தேன். ஏட்டி, அக்காவுக்கு நாற்காலி போடு."

"உக்கார வரல. புதுக்கல்லு ஒண்ண எடுத்து அடுப்புல வையி."

"கேஸு தீரப் போகுதுக்கா."

"ஒரு தோசைக்குத் தீராது."

அவள் அசையவில்லை. சுவரோரம் அடுக்கியிருந்த மை பூசின கற்களில் மேலே இருந்ததை நானே எடுத்தேன். என் கல்லைப் பக்கத்து அடுப்புக்கு மாற்றிவிட்டு அதை வைத்தேன், காய்ந்ததும் மாவை ஊற்றினேன். ஒட்டியது. சுரண்டினேன். மையும் மாவுமாகப் பிய்ந்து வந்தது. தட்டில் போட்டு எல்லாருக்கும் நீட்டினேன். "இதத்தான் காசு குடுத்து வாங்கிட்டுப் போறீங்க. அவ சுட்டுக் காட்டுறது என் கல்லு. பல வருசத்துக் கல்லு."

அந்த இடத்தில் எல்லாரும் அவள் பக்கம் திரும்பிக் கேள்வி கேட்பார்கள் என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போதே அதை மனதில் ஓட்டிப் பார்த்திருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சிலர் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி போனை எடுத்தாள். ஜாக்கெட் தைக்கிறவள்தான் வாயைத் திறந்தாள்.

"கோவப்படாதீங்கக்கா. உங்க வகுப்புல பாதி நேரம் கருகுன தோசையத்தான் பாக்கணும். ஊறப்போடு, தொடை, தடவுன்னு பாடம் வேற. ஒரு சனிக்கெழம செத்த நேரம் சிரிச்சுப் பேசி, நல்ல தோசை தின்னுட்டுப் போலாம்னு வாரோம். இங்க ஒரு கரண்டியும் சும்மா தாராங்க."

"இங்க வாங்கிட்டுப் போன கல்லு ஒட்டலையா?"

"ஒட்டத்தான் செய்யுது. மேல பரண்ல தூக்கிப் போட்டாச்சு. நான்ஸ்டிக் இருக்குல்ல."

சிரித்தார்கள். எல்லாருமே. அப்போதுதான் புரிந்தது, என்னிடம் மறைத்தது எல்லாருக்கும் தெரியும். என்னைச் சேர்க்காமல் இன்னொரு குரூப் வைத்திருக்க வேண்டும். வகுப்பு எப்போது என்று அதில் பேசிவிட்டு, என் குரூப்பில் வந்து ரோஜாப்பூ போட்டிருக்கிறார்கள். அவள் செய்தது தொழில் துரோகம். இவர்கள் செய்ததற்கு என்ன பேர் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

"என் கல்லக் குடு" என்றேன்.

"சூடா இருக்கேக்கா. ஆறட்டும்."

வார்ப்பிரும்பு சீக்கிரம் ஆறாது. உட்காரத்தான் வேண்டியிருந்தது. ஒவ்வொருத்தியாக "வாரோம்க்கா" என்று பொதுவாக, எங்கள் ரெண்டு பேரில் யாருக்கு என்று தெரியாத மாதிரி சொல்லிவிட்டுப் போனார்கள். செருப்பு எல்லாம் போன பிறகு என்னுடையது மட்டும் வாசலில் கிடந்தது. அவள் தட்டுகளைக் கழுவினாள். நான் கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காபி போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

"இதுல என்னக்கா களவு?" என்றாள், முதுகைக் காட்டிக்கொண்டே. "நீங்களும் மதுரையில வாங்கித்தான் விக்குதீங்க. நானும் வாங்கி விக்கேன். கல்லு உங்க கல்லு, சரி. சுட்ட கை என் கையி, ஹாலு என் ஹாலு, கூட்டியாந்தது நான். நீங்க வந்து நின்னு பேசிட்டுப் போவீங்க."

"விக்கிறத நான் கேக்கல. என் கல்லக் காட்டி வேற கல்ல வித்தியே, அதக் கேக்கேன். எம் பேரச் சொல்லி வித்தியே."

"உங்க பேரச் சொன்னாத்தான் வாங்குதாங்க" என்றாள். அதில் வெட்கமோ கிண்டலோ இல்லை. கணக்கு மாதிரிச் சொன்னாள்.

கொஞ்சம் கழித்து ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் வந்தாள். "எம்புட்டு நேரம்தான் காத்துக் கெடப்பீங்க? தண்ணி தெளிச்சு ஆத்திரட்டா?"

சூடான வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும். என் வகுப்பில் நான் சொல்கிற விஷயம். எனக்குப் பதிலாக அவள் வகுப்பெடுத்த அன்றைக்கு அவளும் சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்தேன். மறந்து சொன்னாளா, வேண்டுமென்று சொன்னாளா, கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை நாள் பழகின முகம்.

"சொம்பக் கீழ வையி" என்றேன். வைத்தாள்.

கல் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் முந்தானையைச் சுற்றிப் பைக்குள் வைத்தேன். வாசலுக்கு வந்தபோது அவள் பின்னாலேயே ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தாள். உள்ளே மடித்து வைத்த தோசைகள். "வெறும் பாத்திரமாத் திருப்பிக் குடுக்கக் கூடாதுல்ல" என்று சொல்லிக் கல்லின் மேலேயே டப்பாவை வைத்தாள். அப்படி ஒரு முறை எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. வாங்கின பாத்திரத்தில் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். அந்த நேரத்திலும் அவள் அதை விடவில்லை.

பஸ் ஸ்டாண்டில் டப்பாவைத் திறந்து பார்த்தேன். நல்ல முறுகல், ஓரம் சிவந்திருந்தது. நாய்க்குப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கல்லை அடுப்பில் வைத்தேன். ஏதாவது கெடுத்திருப்பாள் என்று எதிர்பார்த்தேன். கெடுத்திருந்தால் ஆசுவாசமாக இருந்திருக்கும். தோசை தானாக ஓரத்தைத் தூக்கியது. அவள் கையிலும் இப்படித்தானே தூக்கியிருக்கும் என்று நினைத்தபோது கல்லின் மேலேயே கோபம் வந்தது. வீட்டுக்காரர் ரெண்டு தோசை தின்றுவிட்டு, "கல்லு என்ன பாவம் பண்ணுச்சு" என்றார்.

வில்லிபுத்தூர் வகுப்பு அன்றோடு போனது. தீபாவளி வரைக்கும் கதவுக்குப் பின்னாலிருந்த அடுக்கு குறையவே இல்லை.

வன்னியம்பட்டிப் பெண் சொன்ன நாளில் வந்தாள். அவள் கல்லின் மையை மணல் போட்டுத் தேய்த்து எடுத்து, பழக்கி வைத்திருந்தேன். கூலி கேட்டேன், கொடுத்தாள். அவள் போய் என்ன சொன்னாளோ, ஒரு வாரத்தில் வில்லிபுத்தூர்ப் பெண்களிடமிருந்து மெசேஜ் வர ஆரம்பித்தது. குரூப்பில் இல்லை, தனித்தனியாக, ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி. "அக்கா கல்லு ஒட்டுது என்ன செய்ய?" எல்லாருக்கும் ஒரே பதில் போட்டேன். "ஒட்டுற கல்லுக்குத் தனி வகுப்பு. ராஜபாளையத்துல. கல்லக் கொண்டாங்க. பணம் முன்கூட்டியே அனுப்பணும்."

அனுப்பினார்கள். ஒரு சனிக்கிழமை காலையில் பரணிலிருந்து இறக்கின கற்களோடு வந்து, எங்கள் முன்னறையில் வாணலிகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி இருப்பது இன்னொருத்திக்கு அங்கே வந்துதான் தெரிந்தது. ஜாக்கெட் தைக்கிறவளும் வந்திருந்தாள். "அக்கா, இன்னும் கோவமா?" என்றாள்.

"கல்ல எடு" என்றேன்.

மணல் போட்டுத் தேய்க்க வைத்தேன். துடைக்க வைத்தேன், எண்ணெய் தடவ வைத்தேன், வெங்காயத்தைக் கருக்க வைத்தேன். சிரிப்புப் பேச்சு ஒன்றும் இல்லை. கை வலிக்கிறது என்றவளுக்கு வலிக்கும் என்று சொன்னேன். ஒன்றையும் மறைக்காமல் சொல்லிக்கொடுத்தேன். ஒருத்திக்கும் காபி போடவில்லை. அவர்களும் கேட்கவில்லை. இப்போது மாதத்துக்கு ஒரு தடவை இந்த வகுப்பு நடக்கிறது. பாத்திரம் விற்றதைவிட இதில் நன்றாகவே நிற்கிறது. அவள் விற்க விற்க எனக்கு ஆள் வருகிறது. இதை நினைத்து எனக்குச் சந்தோஷம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அந்த டப்பா ரொம்ப நாள் அடுக்களை அலமாரியில் கிடந்தது. போன வகுப்புக்குத் தன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வன்னியம்பட்டிப் பெண் வந்தாள். கிளம்பும்போது டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"போற வழியில வில்லிபுத்தூர்ல எறங்கி அவ வீட்டுல குடுத்துரு."

வாங்கினவள் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு மூடியைத் திறந்தாள். "அக்கா, வெறும் டப்பாவா இருக்கு."

"தெரியும்."

"ஒரு கை சீனியாவது போடுங்கக்கா. எப்படி வெறும் டப்பாவக் கொண்டுபோய்க் குடுக்க?"

"மூடிக் குடு."

"அவிய கேட்டா என்ன சொல்ல?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். தெறந்து பாத்துக்கிடுவா" என்றேன்.